தீவனத்தில் எங்கே கோளாறு? மாடும் கோழியும் காட்டும் அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

பால் இரண்டு லிட்டர் இறங்கினாலோ, முட்டை ஓடு தோல் மாதிரி வந்தாலோ, நம் ஊரில் பெரும்பாலோர் முதலில் மாற்றுவது தீவன மூட்டையைத்தான். கடைக்காரர் வேறு பிராண்ட் கொடுப்பார், விலை கூடும், பத்து நாளில் பழைய நிலைமைதான். மூட்டையின் பெயரால் வரும் கோளாறு குறைவு. எந்த வயதுக்கு எதைப் போடுகிறோம், எவ்வளவு போடுகிறோம், எதோடு கலக்கிறோம் என்பதில் வரும் கோளாறுதான் அதிகம். அது சாணத்திலும் அசையிலும் முட்டையிலும் எச்சத்திலும் தெரிந்துவிடும். இரண்டு மூன்று கறவையும் கொஞ்சம் கோழியும் வைத்திருப்பவர்களுக்காக, சேலம் நாமக்கல் பக்கம் புழங்கும் தீவனப் பொருள்களை வைத்து எழுதுகிறேன்.

தீவனத்தைத் தொடும் முன்

ஒரு மாடு மட்டும் தின்னாமல் நிற்கிறதா, எல்லா மாடுமா? ஒன்று மட்டும் என்றால் நோயைச் சந்தேகப்படுங்கள். எல்லாமே என்றால் தீவனத்தையோ தண்ணீரையோ பாருங்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். மாட்டுக்கு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் வாக்கில் இருப்பது இயல்பு. மடியில் வீக்கமோ பாலில் திரிதிரியாகவோ இருந்தால் அது மடிநோய், தீவனத்தால் சரியாகாது.

அடுத்து, கடந்த பத்து நாளில் என்ன மாறியது என்று யோசியுங்கள். புது வைக்கோல் வந்ததா, பசுந்தீவனம் தீர்ந்ததா, மூட்டை மாறியதா, வெயில் ஏறியதா? பாதிக் கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

பால் அளவு இருக்கிறது, ஃபேட் மட்டும் இறங்கிவிட்டது

பால் ஊற்றும் கூட்டுறவுச் சொசைட்டியில் அதிகம் கேட்கும் புலம்பல் இது. தீவனத்துக்குப் போகும் முன் கறக்கும் முறையைப் பாருங்கள். முதலில் வரும் பாலில் கொழுப்பு 1–2 சதவீதம்தான் இருக்கும். கடைசியில் ஒட்டக் கறக்கும் பாலில் அதைப்போலப் பல மடங்கு. அந்தக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டு முன்பாலைச் சொசைட்டிக்கு ஊற்றினால் எந்தத் தீவனம் போட்டாலும் ஃபேட் நிற்காது. கன்றுக்கு ஒரு காம்பை முழுதாக ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் ஒட்டக் கறந்து பாருங்கள்.

கறவை சரியாக இருந்தும் ஃபேட் இல்லையென்றால், மாடு படுத்திருக்கும்போது போய் நில்லுங்கள். மதியம் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு, தின்று முடித்த மாடுகளில் பாதியாவது அசை போட வேண்டும். ஒரு கவளத்தை எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ணுங்கள். 50, 60 தடவை மென்றால் நல்லது. 40-க்குக் கீழே இருந்தால் நார் போதவில்லை.

காரணம் இதுதான். பாலில் உள்ள கொழுப்பின் கணிசமான பகுதிக்கு மூலப்பொருள், வயிற்றில் நார் நொதிக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலம். நார் குறைந்து மாவுச்சத்து ஏறினால் அசிட்டிக் அமிலம் குறைகிறது, வயிற்றில் புளிப்பு ஏறுகிறது. அசை போடும்போது ஊறும் எச்சில்தான் அந்தப் புளிப்பை முறிக்கிற மருந்து. அசை குறைந்தால் மருந்தும் குறைகிறது.

நம் பக்கத்தில் இது எப்படி நடக்கிறது? மீந்த சோறு, கஞ்சி, அரைத்த மக்காச்சோளம், மரவள்ளித் திப்பி (கிழங்கில் மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கை) எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்து ‘தண்ணி காட்டுவது’ பழக்கம். கரைத்துக் குடிக்கிற தீவனத்துக்கு மெல்லும் வேலையே இல்லை. நேரே உள்ளே போய் வேகமாக நொதிக்கும்.

இதற்குச் செய்ய வேண்டியது: காலையில் முதலில் வைக்கோலோ சோளத்தட்டையோ போடுங்கள், அடர்தீவனம் (தானியம், தவிடு, புண்ணாக்கு கலந்த தீவனம்) அதற்குப் பிறகு. அடர்தீவனத்தைக் கரைக்காமல் உலர்ந்தபடியோ லேசாகப் பிசிறியோ வையுங்கள், தண்ணீரைத் தனியாக வையுங்கள். ஒரே வேளையில் 3 கிலோவைக் கொட்டாமல் மூன்று வேளையாகப் பிரியுங்கள். தட்டையை வெட்டும்போது மாவாக்கிவிடாதீர்கள், ஒரு அங்குலத் துண்டு போதும். புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் சில நாளைக்குத் தீவனத்தோடு 50–100 கிராம் சமையல் சோடா கலக்கலாம். சோடாவை மட்டும் நம்பி வைக்கோலை ஏற்றாமல் விட்டால் பயனில்லை. முழுப் பருத்திக்கொட்டை ஒரு கிலோ வரை கொடுத்தால் ஃபேட் ஏறும், நம் பெரியவர்கள் கண்ட உண்மை அது. ஆனால் கன்றுகளுக்கு வேண்டாம்; அதிலுள்ள காசிபால் நஞ்சைத் தாங்கும் வயிறு அவற்றுக்கு இன்னும் வளரவில்லை.

ஃபேட் சரியாக இருந்து எஸ்.என்.எஃப் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) மட்டும் அடிபட்டால் கதை நேர்மாறு. வைக்கோல் தாராளமாக இருக்கும், அடர்தீவனம் போதாது.

பால் அளவே குறைந்துவிட்டது

முதல் சந்தேகம் தண்ணீர் மேல் இருக்கட்டும். பத்து லிட்டர் கறக்கும் மாடு நாளைக்கு 60–80 லிட்டர் குடிக்கும், சித்திரை வெயிலில் இன்னும் கூட. காலையிலும் மாலையிலும் ஒரு வாளி காட்டினால் எட்டாது. கொட்டகையில் எப்போதும் எட்டும் இடத்தில் தொட்டி இருந்தாலே சில மாடுகளுக்குச் செலவில்லாமல் பால் ஏறும்.

அடுத்து அளவு. கலப்பினப் பசுவுக்கு உடம்பைக் காக்க 1.5 முதல் 2 கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. எருமைக்கு 2 லிட்டருக்கு 1 கிலோ. பத்து லிட்டர் பசுவுக்கு இப்படிக் கணக்குப் போட்டால் 5.5–6 கிலோ வரும். இதோடு 20–25 கிலோ பசுந்தீவனம், 4–5 கிலோ வைக்கோல். படியில் அளக்காதீர்கள். குச்சித் தீவனமும் தவிடும் ஒரே படியில் ஒரே எடை இருக்காது. ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்து, அந்த அளவுக்குச் சட்டியில் கோடு போட்டுவிடுங்கள்.

அளவும் சரி, தண்ணீரும் சரி, பால் மட்டும் இல்லையென்றால் கலப்பைப் பாருங்கள். இங்கே திப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜவ்வரிசி ஆலைகள் இருக்கும் எங்கள் பக்கத்தில் திப்பி மலிவு, மாடும் ஆசையாகத் தின்னும். அதில் மாவுச்சத்து உண்டு, புரதம் 2–3 சதவீதம்தான். 20 சதவீதப் புரதமுள்ள தீவனத்தில் 6 கிலோ போட்டால் மாட்டுக்கு 1,200 கிராம் புரதம் கிடைக்கும். அதில் 2 கிலோவைக் குறைத்துத் திப்பியாக மாற்றினால் 850 கிராம்தான் கிடைக்கும். ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 80–90 கிராம் புரதம் வேண்டும். குறைந்த 350 கிராமில் நாலு லிட்டர் பால் போயிற்று. திப்பி போடவே கூடாது என்று சொல்லவில்லை. போட்டால் அதற்கு ஈடாகக் கடலைப் புண்ணாக்கோ எள்ளுப் புண்ணாக்கோ வேலிமசால் என்ற பயறு வகைப் பசுந்தீவனமோ ஏற்ற வேண்டும். காயவைக்காத மரவள்ளித் தோலையும் இலையையும் மட்டும் போடாதீர்கள், சயனைடு நஞ்சு இருக்கும்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவையும் சிலர் புண்ணாக்குக்கு மாற்றாக நினைக்கிறார்கள். நல்ல தீவனம்தான், உலர்நிலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். ஆனால் பறித்த அசோலாவில் 93–95 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ போட்டால் உள்ளே போகும் புரதம் 12–15 கிராம் அளவுதான். கோழிக்கு அது பெரிது, கறவைக்குச் சிறிது.

கம்பு நேப்பியர் புல்லை முற்றவிட்டு வெட்டுவதும் பாலைக் குறைக்கும். முதல் வெட்டுக்குப் பிறகு 45 நாளுக்கு ஒரு வெட்டு. தண்டு மூங்கில் மாதிரி ஆன பிறகு வெட்டினால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும். ஒதுக்கியதையும் நீங்கள் கணக்கில் சேர்த்திருப்பீர்கள்.

சாணம் சொல்லும் சேதி

கீழே விழுந்தால் பரவி, நடுவில் லேசாகக் குழிந்து, இரண்டு மூன்று விரல் உயரத்துக்கு நிற்கிற சாணம் நல்ல சாணம். அடுக்கடுக்காக இறுகிப் போட்டால் புரதமோ தண்ணீரோ குறைவு. வெறும் வைக்கோலில் நிற்கும் வற்றுக்கறவை மாட்டிடம் இதைப் பார்க்கலாம். பளபளப்பாக, நுரை குமிழியோடு, புளிப்பு வாடையோடு இளகி வந்தால் மாவுத்தீவனம் ஏறிவிட்டது.

ஒரு கைப்பிடிச் சாணத்தைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசிப் பாருங்கள். முழு மக்காச்சோளமும் அரை விரல் நீள நாரும் நிறைய மிஞ்சினால், போட்ட காசு செரிக்காமல் வெளியே போகிறது. தானியத்தை ஒன்றிரண்டாக உடைத்துக் கொடுங்கள், வைக்கோலைக் கூட்டுங்கள்.

சுவரை நக்குது, துணியைத் தின்னுது, சினை நிற்கவில்லை

மண், கயிறு, பாலித்தீன் என்று கண்டதைத் தின்னும் மாட்டுக்குப் பெரும்பாலும் பாஸ்பரஸ் குறைவு, அல்லது வயிற்றில் புழு. வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு, தவிட்டில் அதிகம். தாது உப்புக் கலவை நாளைக்கு 30–50 கிராம், சாதாரண உப்பு 30 கிராம், தினமும். சொசைட்டியில் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு நினைத்தபோது போடுவதால் ஒன்றும் ஆகாது. சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் பார்த்துவிட்டுப் புழு மருந்து கொடுங்கள்.

சினை ஊசி இரண்டு மூன்று முறை போட்டும் நிற்காத மாட்டுக்கு, கன்று போட்ட முதல் இரண்டு மாதத்தில் உடம்பு எவ்வளவு இளைத்தது என்று பாருங்கள். விலா எலும்பு எண்ணும்படி ஆகியிருந்தால் தாது உப்பு மட்டும் போதாது, தீனியே போதவில்லை. சினையின் கடைசி இரண்டு மாதத்தில் கூடுதலாக ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கொடுப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘கறக்காத மாட்டுக்கு எதற்கு’ என்று அங்கே மிச்சம் பிடித்த காசு, அடுத்த ஈற்றில் இரண்டு மடங்காகக் கையைவிட்டுப் போகிறது.

இவற்றுக்குத் தீவனம் மாற்றிக்கொண்டு நிற்காதீர்கள், 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்

இடது பக்க வயிறு தம்பட்டம் போல் உப்பி மாடு மூச்சுத் திணறுவது. பனி ஈரத்தோடு இளம் குதிரைமசாலையோ வேறு பயறு வகைப் பசுந்தீவனத்தையோ வெறும் வயிற்றில் தின்றால் வரும்.

வாடிய இளஞ்சோளப் பயிரை மேய்ந்த சற்று நேரத்தில் வாயில் நுரை, தள்ளாட்டம், விழுதல். 45–50 நாளுக்குக் குறைந்த சோளம், அதிலும் மழையில்லாமல் குன்றிய பயிர், சயனைடு நஞ்சு. நிமிடக் கணக்கில் ஊசி போட வேண்டும். சோளம் பூத்த பிறகு அறுப்பதுதான் பத்திரம்.

கல்யாண வீட்டுச் சோறோ பொங்கலோ வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தடுமாறி நிற்பது. கன்று போட்ட இரண்டு மூன்று நாளில் மாடு படுத்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, காது ஜில்லிட்டுக் கிடப்பது. இது பால் காய்ச்சல், கால்சியம் ஊசிதான் எழுப்பும். படுத்த மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

முகர்ந்துவிட்டு ஒதுக்குகிறது

மூட்டையின் அடிவரை கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா, கட்டி கட்டியாக இருக்கிறதா, மக்கிய வாடை வருகிறதா? கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் ஈரம் பட்டால் வரும் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் நஞ்சை விடும். மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும். பாலில் அந்த நஞ்சு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. பாலைக் காய்ச்சினாலும் போகாது, புண்ணாக்கை வெயிலில் காயவைத்தாலும் போகாது. வெயிலில் பூஞ்சணம் காயும், நஞ்சு அப்படியே இருக்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுப் பிள்ளைகளும்தான். பூஞ்சணம் பிடித்ததைக் கோழிக்குக்கூடப் போடாமல் குழியில் புதைத்துவிடுங்கள். கோழியும் வாத்தும் மாட்டைவிட இந்த நஞ்சைத் தாங்காதவை.

மூட்டை தரையில் படாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள்.

தீவனம் நன்றாக இருந்தும், கன்று போட்டுச் சில வாரமே ஆன நல்ல கறவை அடர்தீவனத்தை விட்டுவிட்டு வைக்கோலை மட்டும் கடித்தால், மூச்சில் இனிப்பு வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அது கீட்டோசிஸ் (தின்பது போதாமல் உடம்புக் கொழுப்பு கரைவதால் வரும் கோளாறு), மருத்துவர் பார்க்க வேண்டும்.

கோழி: முட்டை ஓடு மெலிந்துவிட்டது

முட்டைக்கோழி நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். முட்டைக்கோழிக்கென்று விற்கும் லேயர் தீவனத்தில் கால்சியம் 3 சதவீதம் என்றால் அதில் 3.3 கிராம். ஒரு முட்டை ஓட்டுக்குள் போகும் கால்சியம் மட்டும் 2 கிராமுக்கு மேல். தின்பது அத்தனையும் உடம்பில் சேர்வதுமில்லை. இப்போது செலவைக் குறைக்கப் பாதித் தீவனத்தை எடுத்துவிட்டுக் கம்பையோ குருணை அரிசியையோ கலந்தால் கால்சியம் 1.65 கிராமாக இறங்கிவிடும். கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொஞ்ச நாள் சமாளிக்கும். பிறகு ஓடு மெலியும், அதற்குப் பிறகு கால் தளரும். புரதமும் 20 கிராமிலிருந்து 15 வாக்கில் இறங்குவதால் முட்டை எண்ணிக்கையும் குறையும். ‘லேயர் தீவனம்தான் போடுறேன், முட்டை வரமாட்டேங்குது’ என்பவர்களிடம் கூட என்ன கலக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்.

தானியம் கலக்கத்தான் வேண்டுமென்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல் குருணையையோ தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்படும் கோழி தானே எடுத்துக்கொள்ளும். மாலை மூன்று நாலு மணிக்கு வைப்பது நல்லது. ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில், அப்போது குடலில் கால்சியம் இருக்க வேண்டும். மாவாக அரைத்ததைவிடக் குருணை மேல், மெதுவாகக் கரையும்.

கத்திரி வெயிலில் தீவனம் சரியாக இருந்தாலும் ஓடு மெலியும். கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது ரத்தத்தில் ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைகிறது, தின்பதும் குறைகிறது. விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீவனம் போடுங்கள், குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள்.

மஞ்சள் கரு வெளுப்பு நோயல்ல. கீரை, முருங்கை இலை, மஞ்சள் மக்காச்சோளம் சேர்த்தால் நிறம் வரும். எடுத்து வைத்த முட்டையில் கரு ஒரு மாதிரி பச்சை பழுப்பாக மாறினால், மாட்டுக்கு வைத்திருந்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைக் கோழி கொத்தியிருக்கும்.

குஞ்சு விரல் சுருட்டுகிறது, நடக்க முடியவில்லை

இரண்டு மூன்று வாரக் குஞ்சு விரல்களை உள்பக்கம் மடக்கிக்கொண்டு கணுக்காலால் நடந்தால் ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) குறைவு. வெறும் குருணையும் கம்பும் போட்டு வளர்க்கும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன். தண்ணீரில் பி காம்ப்ளக்ஸ் சொட்டு மருந்து கொடுத்து, 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனத்துக்கு மாற்றுங்கள். ஆரம்பத்தில் பார்த்தால் பிழைத்துக்கொள்ளும், நாள்பட்டு விரல் இறுகிவிட்டால் நிமிராது.

அலகை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி வளைந்தால் வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ் பக்கம் கோளாறு. காலை வெயிலில் விடுங்கள். அதற்காக லேயர் தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டுவிடாதீர்கள். குஞ்சுக்கு 1 சதவீதக் கால்சியம் போதும். 3 சதவீதத்தைச் சின்னச் சிறுநீரகம் தாங்காது, உள்ளுறுப்பெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துச் செத்துப்போகும். லேயர் தீவனம் முதல் முட்டை நெருங்கும்போதுதான்.

கழுத்து முறுக்கிக்கொண்டால் வைட்டமின் குறைவாகவும் இருக்கலாம், ராணிக்கேட் நோயாகவும் இருக்கலாம். தடுப்பூசி போடாத கூட்டத்தில் பச்சையாகவும் வெள்ளையாகவும் கழிந்து வேகமாகச் சாகிறது என்றால் ராணிக்கேட் என்றே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் இரத்தக் கழிச்சல், அதற்கும் மருந்துதான்.

குஞ்சுகளுக்கு மலிவான நல்ல புரதம் கறையான். பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, கறையான் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானை நிறைய இருக்கும். நம் பாட்டிமார் செய்தது, இன்றைக்கும் அதை மிஞ்சும் குஞ்சுத் தீனி குறைவு.

ஒன்றையொன்று கொத்துகிறது, எச்சம் தண்ணீராகப் போகிறது

இறகைப் பிடுங்கித் தின்றால் புரதக் குறைவு, உப்புக் குறைவு, இட நெருக்கடி, அதிக வெளிச்சம் என்ற வரிசையில் பாருங்கள். ரத்தம் கண்ட கோழியை உடனே பிரித்துவிடுங்கள்.

காய்ச்சலும் சோர்வும் இல்லாமல் எச்சம் மட்டும் தண்ணீராகி, கோழி ஓயாமல் குடித்தால் உப்பு அதிகம். புரதத்துக்கென்று சேர்க்கும் கருவாட்டுத் தூளில்தான் அது பெரும்பாலும் வரும். உப்பிடாத கருவாடு கிடைக்காவிட்டால் கருவாடே வேண்டாம், சோயாப் புண்ணாக்குப் போதும்.

மாட்டுத் தீவனம் கோழிக்கு, கோழித் தீவனம் மாட்டுக்கு

இரண்டும் கூடாது. மாட்டுத் தீவனத்தில் யூரியா சேர்த்திருக்கலாம். அசை போடும் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்தான் அதைப் புரதமாக்கும், கோழிக்கு அது வெறும் நஞ்சு. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கும் அப்படியே. கோழித் தீவனத்தில் மீன்தூளும் இறைச்சித்தூளும் இருக்கலாம், அவற்றை மாட்டுக்குப் போடக் கூடாது. பிராய்லர் தீவனத்தை முட்டையிடும் நாட்டுக்கோழிக்குப் போட்டால் கொழுப்புக் கட்டி முட்டை குறையும்.

மூட்டை மேலேயே சந்தேகம் இருந்தால்

லேபிளில் நான்கைப் பாருங்கள்: புரதம், நார், ஈரம், அமிலத்தில் கரையாத சாம்பல். கடைசியில் உள்ளதுதான் மணல். ஒரு கைப்பிடித் தீவனத்தைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கால் மணி நேரம் விடுங்கள், அடியில் மணலும் மேலே உமியும் பிரிந்து தெரியும். தவிட்டை உள்ளங்கையில் வைத்து ஊதினாலும் உமி பறக்கும்.

புது மூட்டைக்கு மாறும்போது ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதல் மூன்று நாள் கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால் என்று 7 முதல் 10 நாளில் மாறுங்கள். வயிற்று நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு நாள் ஆகும். மாறிய முதல் வாரத்துப் பாலை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது.

அதற்கும் விடை தெரியாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மாதிரி எடுப்பதில் கவனம் தேவை. ஒரே மூட்டையின் மேல்வாயில் அள்ளியது எதையும் காட்டாது. நாலைந்து மூட்டையில் மேல், நடு, அடி என்று எடுத்து, சுத்தமான சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலந்து, கடைசியில் அரைக் கிலோ எடுங்கள். ஈரம் ஏறாமல் இறுக்கக் கட்டி, தீவனத்தின் பெயர், வாங்கிய தேதி, என்ன அறிகுறி கண்டீர்கள் என்று சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். பூஞ்சணச் சந்தேகம் என்றால் அதையும் எழுதுங்கள், அதற்கான சோதனை வேறு.